ஆஸ்பத்திரி வரை போயிருக்க வேண்டாம்: கடலூர் முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லை முடிவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது அந்த முதியோர் இல்லம். முப்பது பேருக்கு மேல் தங்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் தாங்களே எழுந்து நடமாடுவார்கள். மற்றவர்களுக்குக் குளிக்க, உடுத்த, சாப்பிட ஆள் துணை வேண்டும். பகலில் ஒரு சிஸ்டர் உண்டு. இரவில் ஆயாக்கள் மட்டும்தான். அவசரம் என்றால் தெற்கே மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை, வடக்கே கோரிமேட்டில் ஜிப்மர், நடுவில் தனியார் மருத்துவமனைகள். ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லாத பகுதி. அதனாலேயே, கொஞ்சம் முடியவில்லை என்றாலும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடும் வழக்கம் சுலபமாக வந்துவிடுகிறது.

இங்கே எழுதப்போவது அந்த இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டியைப் பற்றி. ஓர் ஆண்டுக்குள் மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். மூன்றாவது முறை திரும்பிவந்த பிறகுதான் இல்லத்தின் நிர்வாகி மருத்துவரான என்னைக் கூப்பிட்டு, வாரம் ஒருநாள் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். முதலில் நான் செய்தது டிஸ்சார்ஜ் சம்மரிகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆயாக்களிடம் உட்கார்ந்து பேசியதுதான். காகிதத்தில் இருந்ததைவிட அவர்கள் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. பாட்டியையோ இல்லத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பாட்டி

வயது 79. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையில் ஆயுளில் பாதியைக் கழித்தவர். மகள் நெய்வேலியில், மகன் வளைகுடாவில். இருபது வருடச் சர்க்கரை நோய், பிரஷர், பழைய பக்கவாதத்தால் வலது கை கால் பலவீனம். ஞாபகம் கொஞ்சம் தடுமாறும், ஆனால் ஆட்களைத் தெரியும். வாக்கர் பிடித்துக் கூடம் வரை நடந்துபோய்ச் சாயங்காலச் சீரியலைப் பார்ப்பார். இந்த நடையை நான் தனியாகக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. முதல் அட்மிஷனோடு போனது அதுதான்.

சாப்பிட்டுவந்த மாத்திரைகள்: மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு, அம்லோடிபின், ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாடின், இரவில் ஒரு தூக்க மாத்திரை. எப்போதோ யாரோ எழுதிக்கொடுத்த சீட்டு, வருடக்கணக்காக அப்படியே தொடர்ந்தது.

மூன்று அட்மிஷன்கள்

முதலாவது ஒரு விடியற்காலை. பாட்டியை எழுப்பினால் கண் திறக்கவில்லை, உடம்பெல்லாம் வியர்வை. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப்போனது. அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்தபோது சுகர் 38. டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் ஏற்றியதும் விழித்துக்கொண்டார். ஆனாலும் உடனே அனுப்ப முடியவில்லை. கிளிபென்கிளமைடு நீண்ட நேரம் வேலை செய்யும் சுகர் மாத்திரை. அதிலிருந்து உடம்பில் பிறக்கும் வேதிப்பொருள்களில் பாதியளவு சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியவை. சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்கு அவை தேங்கி, ஏற்றிய சுகர் மறுபடி மறுபடி கீழே இறங்கும். அதனால்தான் முதியவர்களுக்கு இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பாட்டி மூன்று நாள் வார்டில் இருந்தார்.

அந்த விடியற்காலையில் அனுப்பியது மிகச் சரி. நினைவிழந்தவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆஸ்பத்திரியைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அந்த அட்மிஷன் அன்று காலை தொடங்கவில்லை. அதற்கு முன் நடந்ததை இரவுப் பணியில் இருந்த ஆயா சொன்னார்: "ரெண்டு நாளா வாய்ப்புண்ணு மேடம். கஞ்சி மட்டும்தான், அதுவும் பாதி டம்ளர். மாத்திரை மட்டும் சரியாக் குடுத்துட்டோம்." அதை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். "யாருகிட்ட சொல்றது? சிஸ்டர் வந்தா ஊசி, கட்டுன்னு ஓடுறாங்க. சாப்பாடு குறைஞ்சதெல்லாம் ஒரு விஷயமான்னு நெனச்சுட்டேன்."

சாப்பாடு பாதியான அன்றே சுகர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் ஆம்புலன்ஸே தேவைப்பட்டிருக்காது. இல்லத்தில் சுகர் மிஷின் இருந்தது, ஸ்ட்ரிப் தீர்ந்துபோயிருந்தது.

வார்டிலிருந்து திரும்பும்போது பாட்டிக்குச் சிறுநீர் டியூப் போடப்பட்டிருந்தது. எதற்காகப் போட்டார்கள், எப்போது எடுக்க வேண்டும் என்று சம்மரியில் ஒரு வரியும் இல்லை. மூன்று நாள் படுக்கையிலேயே இருந்ததால் கால் தளர்ந்துவிட்டது. வாக்கர் மூலைக்குப் போய்விட்டது. இது இந்தப் பாட்டிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய உள்நோயாளிகளை வைத்துச் செய்து 2003-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு மேல் நோய்வாய்ப்படுவதற்கு முன்பு தாமாகச் செய்த அன்றாட வேலை ஏதோ ஒன்றைச் செய்ய முடியாத நிலையில்தான் வீடு திரும்பினார்கள். அனுப்பிவைப்பது பாதுகாப்பு, வைத்துக்கொள்வது ஆபத்து என்று நாம் எண்ணுகிறோம். தள்ளாத வயதில் ஆஸ்பத்திரிப் படுக்கையும் ஓர் ஆபத்துதான்.

இரண்டாவது அட்மிஷன் தேவையே இல்லாதது. சில வாரம் கழித்து, யூரின் கலங்கலாக இருக்கிறது, நாறுகிறது என்று லேபுக்கு அனுப்பினார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளர்ந்திருந்தது. காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை, பாட்டி வழக்கம்போலத்தான் இருந்தார். ஆனாலும் "யூரின் இன்ஃபெக்ஷன்" என்று சேர்த்து ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கினார்கள். டியூப் போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுநீரில் கிருமி இருக்கும். டியூபே இல்லாவிட்டாலும், முதியோர் இல்லப் பெண்களில் கால்வாசியிலிருந்து பாதிப் பேர் வரை அறிகுறி எதுவும் இல்லாமல் கிருமியோடு இருப்பார்கள். அறிகுறி இல்லாத இந்த நிலைக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2005-லும், பிறகு 2019-லும் வழிகாட்டுதல் தந்தது. நாற்றமும் கலங்கலும் மட்டும் தொற்றுக்கு அடையாளம் இல்லை.

ஊசிக்குப் பிறகு பாட்டிக்கு வயிற்றுப்போக்கு. நீர்ச்சத்து குறைந்தது, இடம் புதிது, இரவில் பிதற்ற ஆரம்பித்தார், டிரிப்ஸைப் பிடுங்கினார், கையைக் கட்டிவைத்தார்கள். திரும்பியபோது முதுகின் அடியில் படுக்கைப்புண்.

மூன்றாவது இரவு நேரத்தில். டியூப் அடைத்துக்கொண்டது. அடிவயிறு உப்பி, பாட்டி கத்திக்கொண்டே இருந்தார். பழக்கப்பட்ட ஒரு சிஸ்டர் அரைமணி நேரத்தில் டியூபை மாற்றியிருப்பார். இரவில் சிஸ்டர் இல்லை, மாற்று டியூபும் இல்லை. ஆம்புலன்ஸ், அட்மிஷன், வார்டில் இரண்டு நாள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று இன்னொன்றை இழுத்துவந்தது தெரிகிறது. சாப்பாடு குறைந்தது சொல்லப்படாததால் முதல் அட்மிஷன். அங்கே போட்ட டியூபால் இரண்டாவது. அதே டியூபால் மூன்றாவது. சங்கிலியின் முதல் கண்ணி ஒரு ஆயா பார்த்த பாதி டம்ளர் கஞ்சி.

வெளிநாட்டில் என்ன தெரிந்தது

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன 200 அட்மிஷன்களை முதியோர் மருத்துவ நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஜோசப் அவுஸ்லாண்டர் குழு 2010-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், 67 சதவீதம் தவிர்த்திருக்கக்கூடியவை என்று வந்தது. அதே குழு உருவாக்கியதுதான் 'இன்டராக்ட்' என்ற முறை. சாப்பாடு குறைந்ததா, பேச்சு குறைந்ததா, நடக்க வழக்கத்தைவிடத் துணை தேவைப்படுகிறதா, தூக்கக் கலக்கமா, மலம் கழித்து மூன்று நாள் ஆகிவிட்டதா என்று பராமரிப்பாளர் பார்த்துச் சொல்ல ஒரு சீட்டு. செவிலியர் மருத்துவரிடம் போனில் என்னென்ன வரிசையில் சொல்ல வேண்டும் என்று இன்னொன்று. 25 இல்லங்களில் செய்து பார்த்து 2011-இல் வெளியிட்டபோது, அட்மிஷன்கள் 17 சதவீதம் குறைந்திருந்தன.

ஆனால் 2017-இல் ராபர்ட் கேன் குழு 85 இல்லங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு இதே முறையில் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. குறிப்பிடும்படியான வித்தியாசம் வரவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது அவசியம். பல இடங்களில் முதல் ஆய்வை மட்டும் சொல்லி, சீட்டு அடித்துக் கொடுத்தால் போதும் என்று முடித்துவிடுகிறார்கள். 2012-இல் அமெரிக்க அரசு தொடங்கிய ஒரு திட்டத்தில் மிஸௌரி மாநிலக் குழு ஒவ்வொரு இல்லத்திலும் உயர்பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரை முழுநேரமாக வைத்தது. அங்கே அட்மிஷன்கள் நன்றாகவே குறைந்தன. எனக்கு இதில் தெரிவது இதுதான்: ஆயா சொல்வதைக் கேட்டு அன்றே ஏதாவது செய்ய அதிகாரமும் அறிவும் உள்ள ஓர் ஆள் மறுமுனையில் இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் சீட்டு வெறும் காகிதம்.

இல்லத்தில் மாற்றியவை

முதல் வேலை மருந்துச் சீட்டு. கிளிபென்கிளமைடை நிறுத்தினோம். தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து விட்டோம். பாட்டியின் நிலையில் உள்ளவருக்கு மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8 அளவில் இருந்தால் போதும், 6.5-க்குக் கொண்டுவரப் பாடுபடுவதில் லாபம் கிடையாது, சுகர் இறங்கி விழும் ஆபத்துதான் மிச்சம். மகளுக்கு இதைப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சுகர் 200 இருக்கே, பரவாயில்லையா மேடம்?" என்று போனில் பலமுறை கேட்டார். அந்தக் கவலை நியாயமானது. அதற்குப் பொறுமையாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம் டியூப். எடுத்துவிட்டு ஒருநாள் முழுக்கக் கவனித்தோம். பாட்டி தானாகவே சிறுநீர் கழித்தார். ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் மீதி அதிகம் இல்லை. அவ்வளவுதான், மாதக்கணக்கில் சுமந்த டியூப் தேவையே இல்லாமல் இருந்தது. இப்போது இல்லத்தில் யார் டியூபோடு திரும்பி வந்தாலும், எதற்குப் போட்டது, எப்போது எடுப்பது என்று சம்மரியை வாங்கும்போதே வார்டில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

நோட்டு ஒன்று வைத்தோம். ஒரு பக்கத்துக்கு ஒருவர். ஆயாக்கள் தங்கள் வார்த்தையிலேயே எழுதலாம், எழுத வராதவர் சொல்ல இன்னொருவர் எழுதலாம். காலை ஷிஃப்ட் மாறும்போது சிஸ்டர் அதைச் சத்தமாகப் படிப்பார். 'வழக்கம்போல இல்லை' என்று மட்டும் எழுதினாலே போதும், அன்று சிஸ்டர் அவருக்குக் காய்ச்சல், நாடி, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், சுகர் பார்த்துவிட வேண்டும். இதில் மூச்சு எண்ணிக்கையைத்தான் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறேன். கையில் கடிகாரம் இருந்தால் போதும், காசு செலவில்லை. நிமிடத்துக்கு 25-ஐத் தாண்டினால் நெஞ்சில் சளித் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலான கேஸ் ஷீட்டில் எண்ணாமலேயே 18 என்றோ 20 என்றோ எழுதிவிடுகிறார்கள்.

இரவுக்கு என் போன் நம்பரும், அருகில் இருக்கும் இன்னொரு மருத்துவரின் நம்பரும் சுவரில் ஒட்டப்பட்டன. ஆயாவே நேராகக் கூப்பிடலாம். நிர்வாகியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முதல் வாரங்களில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழைப்பு வரும் என்று பயந்தார்கள். வந்தது, உண்மைதான். ஒரு அழைப்புக்கும் எரிந்து விழக் கூடாது என்பதில் இரண்டு மருத்துவர்களும் உறுதியாக இருந்தோம். ஒருமுறை சீறினால் அந்த ஆயா அடுத்த முறை கூப்பிட மாட்டார்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையும் சேர்த்துக்கொண்டோம். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதிலிருந்து, அதில் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள். முதியோர் இல்லமும் சிலருக்கு வீடுதானே என்று கேட்டோம், வந்தார்கள். படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போடச் சொல்லிக்கொடுத்தவர் அந்தச் செவிலியர். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப்போடுவதும் ஒழுங்காக நடந்தது, புண் ஆறியது. இயன்முறை மருத்துவர் வாக்கரை மூலையிலிருந்து எடுத்தார். கூடம் வரை போக இப்போது ஒருவர் பக்கத்தில் வர வேண்டும். பழைய நடை முழுசாகத் திரும்பவில்லை.

டிசம்பர் மாதம்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோரம் வெள்ளம் புகுந்தது. 2011-இன் 'தானே' புயலைப் பார்த்தவர்கள் என்பதால் இல்லத்தில் முன்கூட்டியே தயாரானார்கள்: ஒவ்வொருவருக்கும் இரண்டு வார மாத்திரை, ஓஆர்எஸ் பொட்டலம், ஸ்ட்ரிப், மாற்று டியூப், சலைன் பாட்டில், டார்ச். இந்தச் சாமான்கள் அதன் பிறகும் அலமாரியிலேயே நிரந்தரமாக இருக்கின்றன.

பாட்டிக்கு நோய் வந்தது வெள்ளம் வடிந்து சாலையெல்லாம் சரியான பிறகு. அனுப்ப நினைத்திருந்தால் அரைமணியில் அனுப்பியிருக்கலாம். நோட்டில் ஆயா எழுதியிருந்தது: "நேத்து ராத்திரியிலேருந்து பேச்சு கம்மி. காபி வேணாம்னுட்டாங்க. சீரியல் பாக்கல." சிஸ்டர் பார்த்தபோது உடம்புச் சூடு 99.4. காய்ச்சல் இல்லை என்று விட்டுவிடக்கூடிய எண் இது. ஆனால் பாட்டியின் வழக்கமான சூடு 97.2 என்று நோட்டில் இருந்தது. முதியோர் இல்லத்தில் இருப்பவருக்கு வழக்கத்தைவிட 2 டிகிரி கூடினாலே காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மூச்சு 26, ஆக்சிஜன் 93, பிரஷர் 124/70. வலது நெஞ்சின் அடியில் சளிச் சத்தம். நிமோனியா.

கனடாவின் ஹாமில்டன் பகுதியில் 22 இல்லங்களில் மார்க் லோப் குழு செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் கைகொடுத்தது. நிமோனியா உள்ளிட்ட நெஞ்சுத் தொற்று வந்தவர்களில், தெளிவான வரைமுறை வைத்து இல்லத்திலேயே சிகிச்சை தந்த இடங்களில் 10 சதவீதம் பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழக்கமான முறையில் 22 சதவீதம். இறப்பில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

நாங்களும் வரைமுறையை எழுதிவைத்துக்கொண்டோம். ஆக்சிஜன் 90-க்குக் கீழே, மேல் பிரஷர் 90-க்குக் கீழே, மூச்சு 30-க்கு மேலே, வாய்வழி எதுவும் இறங்கவில்லை: இதில் ஏதாவது ஒன்று வந்தால் உடனே ஆம்புலன்ஸ். வராதவரை இங்கேயே. மகளிடம் போனில் இரண்டு வழிகளையும் சொன்னேன். "அந்தக் கையைக் கட்டினதை நான் மறக்கல மேடம். அம்மாவ அங்கயே பாருங்க. நான் வந்துடறேன்" என்றார், வந்தும்விட்டார்.

அன்று காலையிலேயே ஆன்டிபயாடிக் மாத்திரை தொடங்கினோம். நான்கு மணிக்கொருமுறை மூச்சு எண்ணுவது, நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறுகச் சிறுகக் கஞ்சி, ஒவ்வொரு முறையும் வாய் கழுவுதல். சாயங்காலம் குடிப்பது குறைந்ததால் தொடைத் தோலுக்கடியில் சின்ன ஊசி வைத்து 500 மில்லி சலைனை மெதுவாக விட்டோம். நரம்பு தேட வேண்டியதில்லை, நிமிடத்துக்கு ஒரு மில்லி அளவில் விட்டால் தானாக உள்ளே ஊறும். பழைய முறை, நம் ஊர் முதியோர் இல்லங்களில் ஏன் இன்னும் பரவவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. இரண்டாம் நாள் இரவு மூச்சு 28 வரை போனது. அந்த இரவு ஆயா மணிக்கொருமுறை எண்ணிப் போனில் சொன்னார். மூன்றாம் நாள் காலை 22. பாட்டி காபி கேட்டார்.

அதே மாதத்தில் இன்னொரு தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்தார். கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, இடுப்பெலும்பு முறிவு. ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். இத்தகைய முறிவுக்கு இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்வது நல்லது; தாமதம் ஆக ஆக உயிருக்கே ஆபத்து. அனுப்பாமல் இருப்பது எங்கள் நோக்கமில்லை. தேவைப்படுகிறவர் தாமதமில்லாமல் போக வேண்டும் என்பதும் அதே வேலையின் இன்னொரு பாதி.

பயம்

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினைக்குப் பணம் ஒரு காரணம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்புகிறவருக்குத்தான் இல்லத்தில் தரும் செவிலியச் சிகிச்சைக்கு மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீடு பணம் தரும் என்பது அங்கே பொது விதி. அதனால் அனுப்புவதில் இல்லத்துக்கு லாபம் இருந்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை. இங்கே அனுப்பவைப்பது பயம். "எங்க பொறுப்புல இருக்கும்போது ஏதாவது ஆச்சுன்னா சொந்தக்காரங்க சும்மா விடுவாங்களா? சர்டிஃபிகேட்டுக்கு யார்கிட்ட போறது?" என்று நிர்வாகி முதல் நாளே கேட்டார். மருத்துவக் காரணங்களைப் பேசி முடிக்கும்முன் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

இயற்கையான இறப்பு என்றால், கடைசி நோயில் கவனித்த மருத்துவர் காரணச் சான்று தர வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. தொடர்ந்து வந்து பார்க்கும் மருத்துவர் ஒருவர் இருந்தால் அந்தச் சிக்கலில் பாதி தீர்ந்தது. மறுபாதி குடும்பத்தாரிடம் முன்கூட்டியே பேசுவது. உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று ஒருவர் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் போதும் என்றது. பாட்டியிடமும் பேசினோம். அவர் சொன்னது எளிது: "கையக் கட்டாதீங்க. பொண்ணு பக்கத்துல இருந்தா போதும்." மகளும் மகனும் கேட்டுக்கொண்டிருக்க அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்தோம். முறையான ஆவணம் இல்லைதான். ஆனால் நடு இரவில் போனை எடுக்கும் மருத்துவருக்குப் பாட்டியின் விருப்பம் என்ன என்று தெரியும்.

ஒரே இல்லத்தில், குறுகிய காலத்தில் நடந்ததை வைத்து அட்மிஷன் இவ்வளவு சதவீதம் குறைந்தது என்று எண் போடுவது சரியாக இருக்காது. பாட்டி மறுபடி ஆஸ்பத்திரியில் சேரவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். இரவுக்கு ஒரு சிஸ்டர் வைக்க இல்லத்தால் இன்னும் முடியவில்லை, நன்கொடை போதவில்லை. மருந்துச் சீட்டுகளில் இன்னும் பாதிப் பேருடையதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுடையதை முதலில் எடுத்திருக்கிறோம்.